மேசைக்கு அடியில்

கல்லூரி ஆசிரியர் அறையில் அமர்ந்து, அச்செடுத்து வைத்திருந்த சில தாள்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்த இயற்பியல் துறை நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுல இன்டர்நெட் மாத்துறீங்களா சார்?" என்று கேட்டார். தாளின் தலைப்பில் 'ரூட்டர்' என்றிருந்ததுதான் காரணம். நான் படித்துக்கொண்டிருந்த ரூட்டர் வேறு. தச்சுப் பட்டறையில் மரத்தைக் குடைந்து காடி எடுக்கவும், சட்டத்தின் விளிம்பை வளைத்து அழகு செய்யவும் பயன்படும் மின்கருவி அது. தமிழாசிரியனுக்கு அதில் என்ன வேலை என்பது நண்பரின் அடுத்த கேள்வி. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில் சற்று நீளமானது. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா தச்சர். கதவுச் சட்டத்தில் காடி எடுக்க ஓர் இழைப்புளி, விளிம்பில் குமிழ் வைக்க ஒன்று, பள்ளம் வைக்க ஒன்று என்று அவருடைய பட்டறைச் சுவரில் ஏழெட்டு இழைப்புளிகள் வரிசையாகச் சாத்தியிருக்கும். ஒவ்வொன்றின் அலகும் ஒவ்வொரு வடிவம். நீளமான சட்டம் ஒன்றில் காடி இறக்கி முடிப்பதற்குள் பொழுது ஏறிவிடும். அப்பா காலமானபோது அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அண்ணன் பட்டறைக்குள் போனார், நான் பள்ளிக்கூடத்திலேயே இருந்தேன். முதுகலைத் தமிழ் வரை நான் படித்த ஒவ்வோர் ஆண்டின் கட்டணமும் யாரோ ஒருவர் வீட்டு நிலையாகவும் கதவாகவும் எங்கள் வட்டாரத்தில் இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.

இந்தக் கடனை அடைத்துவிட முடியும் என்று நான் நினைத்ததில்லை. ஆனாலும் 2019 பொங்கலுக்கு அண்ணனுக்கு ஒரு ரூட்டர் வாங்கிக் கொடுத்தேன். இணையத்தில் தள்ளுபடி விலையில் கிடைத்தது. எத்தனை வாட், என்ன விலை என்ற இரண்டை மட்டுமே பார்த்தேன். அண்ணனுக்கு மகிழ்ச்சி. ஏழெட்டு இழைப்புளிகளின் வேலையை ஒரே கருவி செய்தது. அலகை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ரூட்டரைக் கையில் பிடித்து ஓட்டுவதற்கு அதன் அடித்தட்டு அமர இடம் வேண்டும். அகலப் பலகையில் அமரும்; இரண்டு விரல் அகலச் சட்டத்தில் தடுமாறும். எனவே உலகெங்கும் தச்சர்கள் செய்வதையே அண்ணனும் செய்தார். கனத்த பிளைவுட் பலகையில் துளையிட்டு, அதன் அடியில் கருவியைத் தலைகீழாகப் பொருத்தி, அலகு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். இப்போது கருவி அசையாமல் இருக்க, மரம் நகர்ந்தது. இதைத்தான் ரூட்டர் மேசை என்கிறார்கள். ஒரு குறை, அலகின் உயரத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் மேசைக்கு அடியில் குனிந்து, பிடியைத் தளர்த்தி, கருவியைக் கையாலேயே ஏற்றி இறக்க வேண்டும்.

2022 ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டினால் எங்கள் பக்கம் காற்றும் கட்டும். மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன் அப்பாவுக்கு உதவியாக மேசையில் சட்டம் தள்ளிக்கொண்டிருந்தான். மின்சாரம் போயிற்று. கருவி நின்றது. கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டிருப்பதற்காக அதன் சுவிட்சைப் பொத்தானால் பூட்டி வைத்திருந்தார்கள். அது பூட்டியபடியே இருந்தது. சும்மா நிற்கும் நேரத்தில் அலகைச் சற்று உயர்த்தி வைக்கலாம் என்று அவன் குனிந்து கையை உள்ளே விட்டான். மின்சாரம் வந்தது.

இடது கைச் சுட்டுவிரலின் முதல் கணு போய்விட்டது.

பிளக்கைப் பிடுங்காமல் கையை விட்டது தவறு என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் சொன்னான். நான் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு, அந்தக் கருவியோடு வந்த துண்டுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாட், சுழற்சி, எடை, அலகுத் தண்டின் அளவு எல்லாம் அச்சிட்டிருந்தது. மின்சாரம் போய்த் திரும்பினால் இந்தக் கருவி என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளுறையும் இறைச்சியும் நடத்தும்போது, சொல்லாமல் விட்டதைப் படிப்பதே படிப்பு என்று மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்கிறவன் நான். அந்த ஒரு தாளில் சொல்லாமல் விடப்பட்டதை நான் படிக்கவில்லை.

* * *

கருவி ஆறு மாதம் சாக்குக்குள் கிடந்தது. எடுக்கச் சொல்லிக் கேட்டவன் அவனேதான். "சித்தப்பா, நல்ல ரூட்டரா, லிஃப்டோட இருக்கிற மாதிரி பாத்துச் சொல்லுங்க. நான் இந்த வேலையத்தான் பாக்கப் போறேன்" என்றான். புறநானூற்றின் 206ஆம் பாட்டில், அதியமானின் வாயிலில் காத்து நிற்கும் ஔவையார் கற்றவர்களைத் தச்சனின் கைத்திறன் வாய்ந்த பிள்ளைகளோடு ஒப்பிடுவார். எந்தக் காட்டுக்குப் போனாலும் அவர்களுக்குப் பிழைப்பு உண்டு என்பது பொருள். பலமுறை நடத்திய பாட்டு. அந்தப் பிள்ளைகளின் கையைப் பற்றி அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். அண்ணன், "நீ படிச்சவன், பாத்துச் சொல்லு தம்பி" என்றார். மதினி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பட்டறைப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தார்.

இம்முறை ஒழுங்காகப் படிப்பது என்று உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தத் தொழிலோடு தொடர்பில்லாத நண்பர்களுக்கும் இதில் படிக்க ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் தண்டின் பருமன். அலகின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதியைக் காலெட் என்பார்கள். கைக்கு அடக்கமான சிறு கருவிகள் 6 மில்லிமீட்டர் தண்டை ஏற்கும். கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாகச் சீவும் பெரிய அலகுகள் அரை அங்குலத் தண்டில்தான் வரும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் காலெட்டும் கடைகளில் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் 12.7 காலெட்டில் 12 தண்டை வைத்து முறுக்கினால் பிடி நிற்காது, சுழலும்போது நழுவும். ஓர் எழுத்துப் பிழை பொருளை மாற்றுவதைப் போல, 0.7 மில்லிமீட்டர் இங்கே காயமாகிவிடும்.

அடுத்தது ஆற்றல். அமெரிக்க விளம்பரங்களில் இது குதிரைத்திறனில் வரும். அங்கே ரூட்டர் மேசைக்காரர்கள் நெடுங்காலம் விரும்பி வாங்கிய போர்ட்டர் கேபிள் 7518 என்ற மோட்டாருக்கு மூன்றேகால் குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். கணக்குப்படி 2,400 வாட்டுக்கு மேல் வரவேண்டும். ஆனால் அதே மோட்டார் 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுப்பது என்றும் எழுதியிருக்கும். பெருக்கினால் 1,800 வாட்தான். உள்ளே போவதைவிட வெளியே அதிகம் வருமா? அந்த எண் தொடர்ந்து தரும் ஆற்றலைக் குறிப்பதன்று. நம் அணியிலக்கணத்தில் இதற்கு உயர்வு நவிற்சி என்று பெயர். விற்பனையிலும் அது செல்லுபடியாகிறது. எனவே குதிரையை விட்டுவிட்டு வாட்டை மட்டும் பார்க்கத் தொடங்கினேன்.

மூன்றாவது வேகக் கட்டுப்பாடு. நிமிடத்துக்கு 22,000 சுற்று என்பது அரை அங்குல அலகுக்குப் பெரிதன்று. அதன் விளிம்பு மணிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. அதே சுழற்சியில் 82 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை அலகை மாட்டினால் விளிம்பு மணிக்கு 340 கிலோமீட்டரில் பறக்கும். அலகு பெரிதாகப் பெரிதாகச் சுழற்சியைக் குறைக்க வேண்டும். வேகத்தை மாற்ற முடியாத கருவி கதவு வேலைக்கு ஆகாது. பொத்தானை அழுத்தியதும் உதறாமல், மெல்ல வேகம் எடுக்கும் ஏற்பாடும் இருப்பது நல்லது.

இனி லிஃப்ட். இதில்தான் நான் மயங்கினேன். ஒரு தடித்த அலுமினியத் தகடு. அதன் அடியில் மோட்டாரைப் பிடிக்கும் வளையம். அதை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டு. மேசையின் மேற்புறத்தில் உள்ள சிறு துளையில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் அலகு மெல்ல எழுந்து வரும். அங்குலத்துக்குப் பதினாறு புரி உள்ள திருகு என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று நுணுக்கிக்கொண்டே போகலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் என்றெல்லாம் எழுதியிருந்ததைப் படிக்கையில், யாப்பிலக்கணத்தில் மாத்திரைக் கணக்கைக் கண்டவன்போல எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

தொலைபேசியில் அண்ணனிடம் விவரித்தேன். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் என்றால் 0.025 மில்லிமீட்டர் என்றேன். அண்ணன் சிரித்தார். "ஓரடி அகலப் பலகை சாரலுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல ஊதும் தம்பி. அதுக்குத்தான பலகைய பசை போடாம காடிக்குள்ள சும்மா நிறுத்துறோம். நீ சொல்லுத கணக்கு மரத்துக்குத் தெரியாது." நான் வாயடைத்துப் போனேன். அப்படியானால் லிஃப்ட் எதற்கு என்ற கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ரூட்டரையும் லிஃப்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அமெரிக்க லிஃப்டுகளில் பெரியவை 4.2 அங்குல விட்டமுள்ள உருளை மோட்டார்களுக்காக வந்தவை. மூன்றரை அங்குல மோட்டாருக்கு இடையில் ஒரு வளையம் போட்டுக்கொள்ளலாம். அமுக்கினால் இறங்கும் அடித்தட்டோடு மோட்டார் ஒன்றாகவே பிணைந்துள்ள வகைதான் நம் கடைகளில் மிகுதி; அந்த மோட்டாரைத் தனியே கழற்றி லிஃப்டில் வைக்க முடியாது. அமெரிக்க மோட்டாரையே வரவழைத்தாலோ, அது 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க இரண்டு கிலோவாட் அளவுக்கு மின்மாற்றி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ வேண்டும். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய மோட்டார்களுக்கு மலிவான லிஃப்டுகள் வருகின்றன. மகிட்டா ஆர்டி0700சி போன்ற 710 வாட் கருவி அதில் அழகாக அமரும். பெட்டி, சட்டகம் செய்ய அது போதும். எங்கள் அண்ணன் செய்வது ஏழடிக் கதவு.

மூன்றாவதாக ஒரு வழி, லிஃப்டைத் தன்னுள்ளேயே கொண்ட ரூட்டர். ட்ரைட்டன் டிஆர்ஏ001 என்பது அந்த வகை. 2,400 வாட், அரை அங்குலக் காலெட், 8,000 சுற்றிலிருந்து தொடங்கும் வேகக் கட்டுப்பாடு. உள்ளேயிருக்கும் சுருள்வில்லைக் கழற்றிவிட்டு மேசையில் தலைகீழாக மாட்டி, மேலிருந்தே கைப்பிடியால் சுற்றி உயர்த்தலாம்.

* * *

மூன்று வழிகளையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். திண்ணையில் அண்ணனும் மகனும் உட்கார்ந்து கேட்டார்கள். வாட், விட்டம், புரி, வோல்ட் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலையருகே நின்றார். நான் மூச்சு விட்ட இடைவெளியில் கேட்டார்.

"கரண்டு போயிட்டு வந்தா, அது தானா சுத்துமா?"

என் கட்டத்தில் அப்படி ஒரு பத்தி இல்லை. சில கருவிகளில் அதைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு உண்டு, சிலவற்றில் இல்லை என்று இழுத்தேன். மதினி விடவில்லை. அவர் விவசாயக் குடும்பத்துப் பெண். "எங்க அப்பா கிணத்து மோட்டாருக்கு ஒரு பொட்டி உண்டும். கரண்டு போனா நின்னுரும். வந்தா தானா ஓடாது. ராத்திரி எழுந்திரிச்சுப் போயி பச்சைப் பொத்தான அமுக்கணும். அந்தப் பொட்டிய இதுக்கு வைக்க முடியாதா?"

சற்று நேரம் யாரும் பேசவில்லை. முடியும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது மின்சாரம் உள்ளவரை மட்டுமே இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு காந்தச் சுருள். மின்சாரம் அறுந்தால் சுருள் பிடியை விட்டுவிடும். திரும்பி வந்தாலும், ஒருவர் பச்சைப் பொத்தானை அழுத்தாதவரை இணைப்புக் கூடாது. அயல்நாட்டு மேசைகளுக்கு இதே வேலையைச் செய்யும் சுவிட்சுகளைத் தனியே விற்கிறார்கள் என்று நானே படித்திருந்தேன். துணைப்பொருள் பட்டியலின் கடைசியில் வந்ததால் கடந்து போயிருந்தேன். தமிழ்நாட்டுக் கிணற்றடிகளில் அது ஆண்டாண்டாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மதினியின் கேள்விக்குப் பிறகு என் தாளை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும் என்பதைத்தான் அதுவரை எழுதி வைத்திருந்தேன். கை அருகில் இருக்கும்போது அது என்ன செய்யாது என்பதே முதல் கேள்வி. அண்ணன் சிரித்தபோது என்னிடம் இல்லாத பதிலும் அப்போது கிடைத்தது. லிஃப்டின் பயன் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு அன்று. உயரத்தை மேலிருந்து மாற்றலாம், அலகையும் மேலிருந்தே மாற்றலாம். கை மேசைக்கு அடியில் அலகின் பக்கம் போக வேண்டியதில்லை. துல்லியம் அதோடு கூட வருவது.

அந்த அளவுகோலில் ட்ரைட்டன் முன்னே வந்தது. முழுவதும் உயர்த்தினால் அதன் காலெட் மேசைக்கு மேலே வந்து, தானே பூட்டிக்கொள்ளும்; ஒரே ஸ்பேனரால் அலகைக் கழற்றலாம். அப்படி முழுவதும் உயர்வதற்கு அதன் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சுவிட்சின் மேல் உள்ள சிறு மூடி அதைக் கட்டாயமாக்குகிறது. சுவிட்ச் பூட்டியபடி இருக்க, ஒருவன் மறதியாக அலகை மாற்றுவது என்பது அந்தக் கருவியில் நடக்காது. அண்ணன் ஒரு குறை கண்டார்: "அந்தச் சுவிட்ச அணைக்கக் கை கீழதான போகணும்?" உண்மைதான். ஆனால் போகும் கை அலகிடம் போகவில்லை, சுவிட்சிடம் போகிறது. அதற்கும் முன்னால் பிளக்கைக் கழற்றுவது என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்ற கவலையை அண்ணனே தீர்த்தார். கார்பன் பிரஷ்ஷை அளவு பார்த்து உரசிச் சேர்த்துவிடலாம், பேரிங்கில் எண் போட்டிருக்கும் என்றார்.

230 வோல்ட் கருவி ஒன்று வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் மூலமாக வந்துசேர்ந்தது. 2,400 வாட் என்றால் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பட்டறையில் இருந்த சிறிய பிளக் துளை தாங்காது என்று 16 ஆம்பியருக்குத் தனிக் கம்பி இழுத்தோம். மேசையை அப்பாவும் பிள்ளையும் செய்தார்கள். மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். தலைகீழாகச் சுழலும் அலகை எதிர்த்துப் போனால்தான் மரம் கைக்கு அடங்கும். திசை மாறினால் அலகு மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும், பின்னால் கையையும் இழுக்கும். மேசையின் விளிம்பில் இடப்பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறியைச் செதுக்கி வைத்தான் மகன். பலகையைத் தள்ளுவதற்குக் கைப்பிடி வைத்த இரண்டு தள்ளுகட்டைகளும் செய்தான்.

ஊர் எலக்ட்ரீஷியன் பச்சையும் சிவப்புமாகப் பொத்தான்கள் உள்ள பெட்டியை மேசையின் முன்காலில் பொருத்திய அன்று நானும் போயிருந்தேன். மதினி அழைக்காமலே பட்டறைக்குள் வந்தார். ரூட்டரின் சுவிட்சைப் போட்டுவிட்டு மகன் பச்சைப் பொத்தானை அழுத்தினான். கருவி மெல்ல வேகமெடுத்து இரைந்தது. அண்ணன் மெயினை அணைத்தார். இரைச்சல் தேய்ந்து நின்றது. மெயினைத் திரும்பப் போடப் போனவரை மதினி தடுத்துவிட்டு, தாமே போய்ப் போட்டார்.

பட்டறை அமைதியாக இருந்தது. மேலே விளக்கு மட்டும் எரிந்தது. அவர் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் அணைத்தார், போட்டார். மூன்றாவது முறையும் செய்தார். பிறகு, "சரி, வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

முதல் காடி ஒரு தேக்குச் சட்டத்தில் இறங்கியது. அடுத்த சட்டத்துக்கு அலகு மாற்ற வேண்டியிருந்தது. அவன் சிவப்பை அழுத்தினான். பிளக்கைக் கழற்றி, அப்பாவின் இழைப்புளிகள் சாத்தியிருக்கும் சுவரில் புதிதாக அடித்திருந்த ஓர் ஆணியில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினான். அதன் பிறகுதான் சுவிட்சை அணைக்கக் குனிந்தான்.